அப்பா சாமியாக இருந்த ஆறு மாதம்

எங்கள் லைன் மைதானத்துக்குக் கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. ஆனாலும் கொரோனா வந்த பிறகு ஏழு மாதம் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடியும் கிரிக்கெட் ஆடலாம் என்று ஆனபோது, என் மகனுடைய கேப்டன் போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். மகன் பையில் பேட்டைத் திணித்துக்கொண்டே அதை உரக்கப் படித்தான்.

தண்ணீர் அவரவர் பாட்டிலில். பந்தில் எச்சில் தடவக் கூடாது. விக்கெட் விழுந்தால் கட்டிப்பிடிக்கக் கூடாது, கை கொடுக்கக் கூடாது. துண்டு, தொப்பி, கிளவுஸ் எதையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆடாதவர்கள் மாஸ்க் போட்டுத் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். இருமல் இருந்தால் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

"இன்னாம்மா இது, கிரிக்கெட் ஆடக் கூப்பிடறானா, விரதம் இருக்கக் கூப்பிடறானா?" என்று சிரித்தான்.

நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் பேசுகிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். வீட்டிலும் பையன்களின் விளையாட்டுப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. அன்று என்னை அறியாமல் வந்துவிட்டது.

"இதே மாதிரி ஒரு மேட்ச் நான் பாத்துகீறேன்டா. உங்க தாத்தா ஆடினாரு."

"தாத்தா காலத்துல ஏதும்மா கொரோனா?"

"கொரோனா இல்ல. மாலை போட்டிருந்தாரு."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவின் கை நின்றது.

எனக்கு அப்போது எட்டு வயது. கோலார் தங்கவயலில் மைன் ஓடிக்கொண்டிருந்த காலம். லைன் என்றால் வரிசை வீடுகள். மூங்கில் தட்டிதான் சுவர். இந்த வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும். தெருவுக்கு ஒரு குழாய். அப்பாவுக்குப் பாதாளத்தில் வேலை. ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டைக் கேஜ் என்பார்கள். அதில் தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் படுகிற மாதிரி நிற்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வாரம் முழுக்க அப்படி நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போவார். எங்கள் லைனுக்கு அவர்தான் பௌலர். எல்லைக் கோட்டிலிருந்து எறிந்தாலும் ஒற்றை ஸ்டம்பு விழும். அதைப் பார்க்கவே சின்னப் பிள்ளைகள் கூட்டமாகப் போவோம்.

அந்த வருஷம் கார்த்திகை முதல் தேதி காலையில் அப்பா கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு, கழுத்தில் துளசி மாலையோடு நின்றார். அதுவரை சபரிமலை என்ற பேச்சை அவர் எடுத்து நான் கேட்டதில்லை. அம்மாவின் தம்பிதான் டீம் கேப்டன், என் மாமா. அவர் ஓடி வந்தார்.

"இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம? குருசாமி யாரு?"

"பங்காருபேட்டைல ஒருத்தரு" என்றார் அப்பா. "இனிமே மாமா இல்ல. சாமின்னு கூப்பிடு. தள்ளி நில்லு."

அன்றிலிருந்து எங்கள் வீடு மாறிப்போனது. அப்பாவுக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். வாசலில் தடுப்புக் கட்டி அங்கேயே படுத்துக்கொண்டார். யார் எதிரே வந்தாலும் கறுப்புத் துண்டை மூக்குவரை ஏற்றிக்கொள்வார். மாலை போட்டவர்கள் செருப்பு போடக் கூடாது, பூட்ஸ் போடாமல் சுரங்கத்தில் இறங்க முடியாது என்று சொல்லி, மேலேயே ஒரு வேலை வாங்கிக்கொண்டார். வாரம் ஒரு முறை குருசாமியைப் பார்க்க பஸ் ஏறுவார். மாலை போட்டவர்கள் பெண்களை மாளிகைப்புறம் என்று அழைப்பார்கள். அப்பா என்னையும் அப்படித்தான் அழைத்தார். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பட்டம் அது. ஆனால் அந்தப் பட்டத்தோடு மடி போய்விட்டது. ஷிப்டு முடிந்து வந்ததும் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறவர், இப்போது பத்தடி தள்ளி நின்று, "சாப்ட்டியா, மாளிகைப்புறம்?" என்பார்.

எனக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தத்தைவிடப் பெருமை கூட இருந்தது. மற்றவர்களுடைய அப்பாக்கள் பீடி குடித்துக்கொண்டிருக்கும்போது என் அப்பா சாமியாகிவிட்டார். உடம்பு இளைத்து, தாடி வளர்ந்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சாமி படத்தில் இருக்கிறவர்களும் அப்படித்தானே ஒல்லியாக இருக்கிறார்கள்?

புது வருஷத்து அன்று எங்கள் லைனுக்கும் மேல் லைனுக்கும் மேட்ச் வழக்கம். அதற்கு முதல் வாரம் மாமா வந்து வாசலில் தள்ளி நின்றார்.

"சாமி, நீங்க இல்லாம போனா மேல் லைன்காரன் நம்மள துவைச்சிக் காயப் போட்ருவான். நாலே ஓவர் போடுங்க சாமி."

அப்பா குருசாமியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பங்காருபேட்டை போய் வந்தார். நாலு ஓவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் விரதம் கெடாமல் இருக்க டீமே சில விஷயங்களை அனுசரிக்க வேண்டும் என்றார். தன்னை யாரும் தொடக் கூடாது. தன் சொம்பில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. பந்தைக் கையில் கொடுக்காமல் தரையில் உருட்டிவிட வேண்டும். பந்தில் எச்சில் படவே கூடாது.

கடைசி விதியில் மாமா ஆடிப்போனார். விரலை நாக்கில் தொட்டுப் பந்தைத் தேய்க்காமல் அவருக்கு ஓடவே வராது.

"எச்சில் இல்லாம பந்து எப்படி சாமி திரும்பும்?"

"வேர்வ போட்டுத் தேய். எச்சில் பட்ட பந்த நான் தொட மாட்டேன். என் எச்சிலும் அதுல படாது."

விக்கெட் கீப்பர் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்துதான் கிளவுஸ் போடுவார். அவரும் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "உங்க சாமிக்கு எங்களையும் சேத்து விரதம் இருக்க வெச்சிட்டீங்களே! எங்க பாஸ்டருக்கு யாரு பதில் சொல்றது?" ஆனால் அவர்தான் எல்லாரையும்விட ஒழுங்காக நடந்துகொண்டார்.

அன்று மைதானத்தில் நான் பார்த்ததை இன்றைக்கும் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர முடியும். பின்னால் சயனைடு மேடு, தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மாவு மண், வெள்ளை மலையாக நிற்கிறது. பத்து பேர் அழுக்கு வெள்ளையில். நடுவில் கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு என் அப்பா. நாலே எட்டுதான் ஓடினார். முன்பெல்லாம் பன்னிரண்டு எட்டு ஓடுவார். மூன்றாவது பந்தில் நடு ஸ்டம்பு விழுந்தது. மாமா கட்டிப்பிடிக்கப் பாய்ந்து, பாதியில் நினைவு வந்து, வழுக்கி நின்று கையைக் கூப்பினார். பத்து பேரும் அங்கங்கே நின்றபடி கைகூப்பி, "சாமியே சரணம்!" என்று கத்தினார்கள். கிளவுஸோடு கீப்பர் அங்கிளும் கூப்பினார். அவுட்டான மேல் லைன்காரரும் கூப்பிவிட்டுத்தான் வெளியே போனார்.

ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் அப்பா தனியாக எல்லைக் கோட்டுக்கு வந்து, தைல மரத்தடியில் துண்டைப் போர்த்தி நிற்பார். அந்த மரத்தடியில்தான் அவருடைய பித்தளைச் சொம்பு இருந்தது. நானும் அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு மிக அருகில் இருக்க முடிந்த இடம் அதுதான்.

நாலு ஓவரில் நாலு விக்கெட். ஆனாலும் மேல் லைன் விடவில்லை. கடைசிப் பந்து, இரண்டு ஓட்டம் எடுத்தால் அவர்கள் ஜெயிப்பார்கள். மாமா போட்டார். எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

எனக்குத் தாகம். அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. சாமி குடித்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தால், அந்தச் சக்தி எனக்கும் வரும் என்று தோன்றியது. ஒன்றரை மாதமாக என்னைத் தொடாத அப்பாவின் சொம்பையாவது தொட வேண்டும் என்றும் இருந்திருக்கும். எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொம்பை இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சுவரை உயர்த்தினேன்.

பந்து அப்பாவை நோக்கித்தான் வந்தது. ஒரு கையால் எடுத்தார். ஓடுகிறவர்கள் இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள். கீப்பர் அங்கிள் ஸ்டம்புக்கு மேல் கையை விரித்து நின்றார். அப்பாவின் கைக்கு அது ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்.

அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி திறந்தார். இருமல்தான் வந்தது. சொம்பு என் முகவாயைத் தொட்டது. அப்பா மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி எறிந்தார்.

'டங்' என்று ஒரு சத்தம். என் கையில் சொம்பு இல்லை. அது பத்தடி தள்ளி நசுங்கி உருண்டது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட என் மேல் படவில்லை. விரல் மட்டும் ரொம்ப நேரம் ரீங்காரமிட்டது.

"சாமீ! ஸ்டம்பு இந்தப் பக்கம் சாமி!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் இரண்டு ஓட்டம் முடிந்து, மேட்சும் முடிந்திருந்தது.

அப்பா என்னிடம் ஓடி வந்தார். அந்த அவசரத்திலும் துண்டை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, தள்ளியே நின்றார்.

"குடிச்சியா, மாளிகைப்புறம்?"

"இல்ல சாமி."

"ஒரு வாய்கூட?"

"இல்ல சாமி. சத்தியமா."

அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. உடம்பு முழுக்க ஆடியது. "சாமி எறங்கிடுச்சி!" என்று மாமா கத்தினார். தோற்ற டீம், ஜெயித்த டீம் எல்லாரும் ஓடி வந்து வட்டமாகத் தள்ளி நின்று சரணம் சொன்னார்கள். பச்சைப் பிள்ளை தெரியாமல் விரதச் சொம்பைத் தொட்டுவிட்டது, சாமிக்கு ஆவேசம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நானும் நடுங்கிக்கொண்டே கைகூப்பி நின்றேன். என் அப்பாமேல் சாமி வந்ததை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மேல் லைன் கேப்டன் ஒரு தேங்காயும் சூடமும் கொண்டுவந்து, ஜெயித்ததற்கு எங்கள் வாசலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது மகன் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். அம்மா கீரைத்தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாமி எறங்கல. அழுதாருடி அவுரு" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அப்பாவுக்கு நெஞ்சில் டி.பி. வந்திருந்தது. பங்காருபேட்டை குருசாமி ஒரு டாக்டர். வாரா வாரம் ஊசியும் மாத்திரையும். முன் தெருவில் ஒரு வீட்டில் அந்த நோய் என்று தெரிந்த பிறகு, அந்த வீட்டுக் குடத்தைக் குழாயில் வைக்க விடாமல் உதைத்துத் தள்ளியதை அப்பா பார்த்திருக்கிறார். வெளியே சொல்லவும் முடியாது. சொல்லாமல் கேஜில் பத்து பேர் கழுத்தில் மூச்சுவிடவும் அவருக்கு மனசு வராது.

"நான்தான் பயந்தேன், சாமி பேர்ல பொய் சொல்லக் கூடாதுன்னு. 'நாலு பேருக்கு ஒட்டக் கூடாதுன்னுதான் சொல்றேன், சாமி புரிஞ்சிக்குவாரு'ன்னாரு. ஒண்ணரை மாசம் ஊசி போட்ட பின்னாடி, 'இனிமே யாருக்கும் ஒட்டாது, தாராளமா ஆடு'ன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவுரு நம்பல. அதான் அத்தன ரூல்ஸு. அடுத்த வருசம் நெசமாவே மாலை போட்டு, மலைக்குப் போயி, மன்னிப்புக் கேட்டுகினு வந்தாரு."

"கீப்பர் தாத்தாவுக்குத் தெரியுமா பாட்டி?" என்றான் மகன்.

"அவுரு சம்சாரம் ஆஸ்பத்திரில ஆயாவாச்சே. இருமல கேட்டே தெரிஞ்சிருக்கும். தட்டிச் செவுரு. ஒரு நாளும் கேக்கல."

நாற்பது வருஷமாக அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா குணமாகி, அதற்குப் பிறகு முப்பது வருஷம் நன்றாக வாழ்ந்து போனார். அவரும் சொன்னதில்லை. மகன் பேனாவை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் தன் பெயரைப் பெரிதாக எழுதினான். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனான். நான் வாசலில் நின்று, அவன் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் நாற்பத்தெட்டு நாள் மாலை போடுவார்கள். என் அப்பா ஆறு மாதம் போட்டார். அவ்வளவு பெரிய பக்தர் கோலார் தங்கவயலிலேயே கிடையாது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தனை மாதம் போட்டும் மலைக்கு ஏன் போகவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மாம்பழம் வரத் தொடங்கிய மாதத்தில் ஒரு நாள், பங்காருபேட்டையிலிருந்து வந்த அப்பா, குளித்துவிட்டு மாலையைக் கழற்றிச் சாமி படத்து ஆணியில் மாட்டினார். வீட்டுக்குள் வந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தார். பாதி குடித்தார். மீதியை என் பக்கம் நீட்டினார்.

"இந்தா பாப்பா, குடி."

"எச்சில்" என்றேன் நான். "சாமி குத்தம்."

"இனிமே இல்ல கண்ணு."

நான் வாங்கிக் குடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது. சர்க்கரையும் போதவில்லை. அதைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது, அப்பாவும் அம்மாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆறிப்போன டீயை நான் குடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பாதியில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.