ஹைபிரிட் காரில் பாதி கேட்ட வம்பு

ஹைபிரிட் கார் லாபமா என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் இன்று பதில் கிடைத்துவிட்டது.

காலையில் கொச்சி மட்டாஞ்சேரி பஜார் சந்தில், பேட்டரியில் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தேன். முன்னால் பக்கத்து வீட்டு மீனா மாமியும் அவர் தங்கையும். ஹாரன் பக்கம் கை போனது. அதற்குள் என் பெயர் காதில் விழ, கையை எடுத்துவிட்டேன்.

“சுந்தரம் சேட்டன் வண்டி பாதி கரண்டு, பாதி பெட்ரோலாம்” என்றார் மாமி.

“அவர் எதைத்தான் முழுசா செஞ்சிருக்கார்?”

“அதில்லடி. ஏன் அதை வாங்கினார்னு அவர் பொண்டாட்டியே என்கிட்ட சொன்னா…”

சார்ஜ் குறைந்து, பெட்ரோல் எஞ்சின் உறுமியது. இருவரும் திரும்பினார்கள்.

“அய்யோ, சேட்டனா! சாயா குடிச்சாச்சா?”

பெட்ரோல் காரென்றால் ஒன்றுமே கேட்டிருக்காது. எலெக்ட்ரிக் என்றால் முழுசும் கேட்டிருக்கும்.

மனைவியைக் கேட்டால் சிரிக்கிறாள்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் யாராவது நாளை அந்தச் சந்துக்குப் போவீர்களா? ஜன்னலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.