பேட்டரி இருக்குதே, ஏன் எடுக்கல?

கல்யாணமான புதிதில் என் கணவர் என் போனில் ஒரு ஆப் போட்டார். நான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு சார்ஜ் இருக்கிறது எல்லாமே அவர் போனில் தெரியும். பாதுகாப்புக்கு என்றார்.

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறேன். கையெல்லாம் உப்புத் தண்ணீர் என்பதால் போனைக் கரையில் வைத்துவிடுவேன். அவர் கூப்பிட்டு எடுக்காவிட்டால் வீட்டில் சண்டைதான். "பேட்டரி பாதிக்கு மேல இருக்குதே, ஏன் எடுக்கல?" சார்ஜ் குறைந்திருந்தால், "யார்கிட்ட இவ்ளோ நேரம் பேசின?"

ஒரு நாள் வெயில் சூட்டில் போன் அணைந்துவிட்டது. அவர் பைக்கில் உப்பளத்துக்கே வந்து, எல்லார் முன்னாலும் கத்தினார்.

"காலையில ஃபுல் சார்ஜ் இருந்துச்சு. வேணும்னேதான் ஆஃப் பண்ணியிருக்க. எவன்டி அவன்?"

கூட வேலை செய்யும் செல்வி அக்கா குறுக்கே வந்தார். "ஏம்பா, போன் சூடாகி ஆஃப் ஆயிடுச்சு. காலையிலேர்ந்து எங்க கூடதான் இருக்கா."

"நீ வாய மூடு" என்றார் அவர்.

என்னைத் திட்டியபோதெல்லாம் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். எனக்காகப் பேசியவரைத் திட்டியதும் கோபம் வந்துவிட்டது. கரையேறிப் போய்ப் போனை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"நீ பாக்குறது இதைத்தானே? எடுத்துனு போ. நான் வரல."

அதுவரை அவனை 'நீ' என்று நான் சொன்னதே இல்லை. "பாத்துக்குறேன்டி" என்று மிரட்டிவிட்டுப் போனான்.

இப்போது பிரம்மதேசத்தில் அம்மா வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறேன். சமாதானம் பேச வந்த உறவினர்கள், "எல்லாம் உன்மேல இருக்குற பாசம்மா" என்றார்கள். பாசம் இருந்திருந்தால், சாப்பிட்டாயா என்று ஒரு நாளாவது கேட்டிருப்பான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.