மன்னிப்பில் முடித்த கதை

எங்கள் போதகரை நினைத்தால் முதலில் காதில் விழுவது, அவருடைய வேதாகமத்தின் தோல் உறையில் ஜிப் திறக்கும் சத்தம்தான். பிரசங்க பீடத்தில் ஏறியதும் மைக்குக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் திறப்பார். ஆலயத்தில் இருமல்கூட அடங்கிவிடும். நல்ல கறுப்புத் தோல். ஆம்பூரில் எங்கள் சபைக்கு மூப்பராக இருந்த டேனரி முதலாளி, தன் டேனரியில் பதனிட்ட தோலிலேயே தைத்துக் கொடுத்த அன்பளிப்பு. அதே டேனரியின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கித்தான் என் சித்தப்பா செத்தார். போன மாதம் போதகரும் போய்விட்டார். நினைவு மலரில் போட நாலு நல்ல வார்த்தை வேண்டும் என்று அவர் மகன் கேட்டிருக்கிறார். சபையில் கதை எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் வந்த வினை இது. நல்ல வார்த்தைகள் கைவசம் இல்லை, இருப்பதை எழுதுகிறேன்.

தொட்டியில் அடைப்பு எடுக்கச் சித்தப்பாவை இறங்கச் சொன்னது சூப்பர்வைசர். அவராகவே இறங்கினார் என்று முதலாளி தரப்பு சாதித்தது. சித்தி வழக்குப் போட்டாள். தன் புருஷனை இறக்கிவிட்டார்கள் என்று கோர்ட் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சித்தப்பாவோடு வேலை பார்த்த பாய் ஒருவர் வீட்டுக்கே வந்து, "என் தோஸ்த்த எறங்கச் சொன்னத நான் காதால கேட்டேன். எங்க கூப்ட்டாலும் வந்து சொல்றேன், பயப்படாத தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அந்த டேனரியில்தான் பிழைப்பு. அவருக்கு இருந்த தைரியம் எங்கள் சபையில் ஒருவருக்கும் இல்லை. முதலாளி அந்த வருடம் நகராட்சித் தேர்தலில் நிற்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். போதகருக்கோ கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டியிருந்தது.

அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு கதை எழுதி அனுப்பினேன். சபை மலர் வீடு தவறாமல் போகும், ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள்கூட வரி விடாமல் படிப்பார்கள் என்பதால் வேறெங்கும் அனுப்பாமல் அதற்கு அனுப்பினேன். என் கதையில் ஒரு முதலாளி ஆலயத்தில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க முழங்காலில் நிற்கிறார். பக்கத்தில் அவரால் விதவையான பெண். அவள் அவரைப் பார்த்து, முதலில் எழுந்துபோய்ச் செய்ததை ஊரறியச் சொல்லிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன் என்கிறாள். அதோடு கதை முடிகிறது. சகோதரனோடு ஒப்புரவாகாமல் காணிக்கை செலுத்த வராதே என்று இயேசு சொன்னதைத்தான் அவள் சொன்னாள். நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை.

சேர்த்தவர் போதகர். அச்சாகி வந்த மலரில் அந்தப் பெண் அழுகிறாள், முதலாளியை மன்னிக்கிறாள், வழக்கையும் விட்டுவிடுகிறாள். கீழே என் பெயர். அதைவிடக் கொடுமை, மேலே 'சாட்சி' என்று தலைப்பு. தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததை ஒருவர் சபைக்கு முன் எழுந்து சொல்வதற்கு எங்களில் சாட்சி என்று பெயர். அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கற்பனை என்று நினைக்கவே மாட்டார்கள்.

மலர் வந்த வாரமே போதகர் முதலாளியைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார். ஜிப்பைத் திறந்து, வேதாகமத்துக்குள் வைத்திருந்த மலரை எடுத்து, என் 'சாட்சி'யை உரக்க வாசித்தார். சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவர்கள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். யார் சொல்லியும் அல்ல, தன் கணவர் தானாகவே தொட்டியில் இறங்கினார் என்று அதில் இருந்தது. அதோடு வழக்கும் முடிந்தது. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "அச்சுல ஒன் பேரு போட்டிருக்கு. நீயே சபைக்கு முன்னால சொல்லிட்ட பிற்பாடு ஒன்ன இன்னா கேக்கறது?" என்றாள்.

போதகர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"தம்பி, விசுவாசி எழுதற கதை மன்னிப்புலதான் முடியணும். நீ எழுதனது கட்சிக்காரன் கதை" என்றார்.

"தப்பு பண்ணவரு மொதல்ல ஒத்துக்க வேணாமா ஐயா?"

"அத ஆண்டவர் பாத்துப்பார். நீ ஜெபம் பண்ணு."

தேர்தலில் முதலாளி ஜெயித்தார். சித்தப்பாவைப் புதைத்திருக்கும் தோட்டத்துக்குச் சுவர் வந்தது, சுவரில் முதலாளி பெயர் பொறித்த கல்லும் வந்தது. கல்லறைக்குப் பூ வைக்கப் போகும்போதெல்லாம் சித்தி அந்தக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போகிறாள்.

போதகரை நான் வெறுத்தேன். செத்துவிட்டார் என்பதற்காக வெறுப்பைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. அதற்குப் பிறகு எழுதிய கதைகளிலெல்லாம் ஆலயமும் டேனரியும் ஓட்டுப்பெட்டியும் கலந்தே வந்தன. கட்சி நண்பர்கள், இதுல இயேசு எதுக்குத் தோழர் என்கிறார்கள். சபையார், கதையில எதுக்குத் தம்பி அரசியல் என்கிறார்கள். போதகருக்கு மட்டும் அந்தக் குழப்பமே இருந்ததில்லை. இரண்டையும் கலக்க அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஞாயிறு தவறாமல் நான் இன்னும் ஆலயத்துக்குப் போகிறேன். அவருக்காக நான் ஏன் ஆண்டவரை விட்டுக்கொடுக்க வேண்டும்?

எழுதும்போது ஞாபகத்துக்கு உதவும் என்று போதகரின் மகன் அந்தத் தோல் உறையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மேஜைமேல் வைத்திருந்தேன். நேற்று வந்த சித்தி அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது எதுக்கு இங்க?"

சொன்னேன்.

"மொதல்ல அத எடுத்து வெளிய வை" என்றாள். நான் வைத்துவிட்டு வந்த பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தாள். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். ஆண்டவரை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இடம் வரை வாசித்தேன்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல சித்தி."

"அப்போ கடைசில போடு. என் வீட்டுக்காரர எறங்கச் சொன்னாங்க, அவரா எறங்கல. நான் யாரையும் மன்னிக்கவும் இல்ல. கீழ என் பேரப் போடு."