பூமாலையின் நீர்க்கடுப்பு

மணலூர்பேட்டை அரிசி மில்லில் நெல் காயப்போடும் வேலைக்குப் போனதிலிருந்து பூமாலை காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். களத்தைச் சுற்றி மறைவான இடம் கிடையாது. மூட்டை தூக்கும் ஆண்கள் எந்நேரமும் நடமாடுவார்கள். இருட்டும் வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதில் வந்ததுதான் நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாக இறங்கும்போது மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரியும். எழுந்து நாலடி வைப்பதற்குள் மறுபடி முட்டும். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினாள். கொஞ்ச நாள் அடங்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று வந்து நிற்கும்.

புருஷன் கந்தசாமியிடம் அவள் மூச்சுவிடவில்லை. "நடத்த கெட்டவளுக்குத்தான் இந்த நோவு வரும்" என்று களத்தில் ஒருத்தி யாரையோ சொன்னது காதில் விழுந்திருந்தது. அவன் கை பட்டாலே உடம்பு சுருங்கியது. ஏதாவது சாக்குச் சொல்லி விலகிப் படுத்தாள். அவன் முகம் கடுக்கக் கடுக்க அவளுக்குப் பயம் கூடியது.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. கந்தசாமியும் ஊர்க்காரர்களோடு போய்விட்டான். பஸ் ஓடவில்லை. அந்த வாரத்தில்தான் பூமாலைக்குக் குளிர்ஜுரம் கண்டது. விலாவுக்குக் கீழே கடப்பாறையால் குத்துவது போல் வலி. கொல்லைக்குப் போனபோது சிவப்பாக இறங்கியது. பக்கத்து வீட்டு உபகாரமேரியிடம் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அக்கா, நான் செத்துப்பூடுவனா?"

"வாயக் கழுவுடி! இத்தினி நாளா இன்னாத்துக்கு மறச்ச?" என்று அதட்டிய மேரி, நெற்றியைத் தொட்டதும் பேச்சை நிறுத்தினாள். தன் புருஷன் சின்னப்பனிடம் கூண்டுவண்டியைப் பூட்டச் சொன்னாள்.

கள்ளக்குறிச்சிக்குப் போகும் வழியில் தியாகதுருகத்துக்கு முன்பே சாலையின் குறுக்கே புளியமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. "எந்த வண்டியும் போவக் கூடாது! திருப்பு!" என்று கோடாலிகளோடு ஓடிவந்தவர்களில் கந்தசாமியும் இருந்தான்.

"ஏய், இங்க இன்னா பண்ற?"

மேரி சொல்ல வாயெடுத்தாள். பூமாலை அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருக்கத் தானே சொன்னாள்.

"ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருதுங்க. ரொம்ப நாளாவே எரிச்சலு. தப்பா நெனச்சுக்குவீங்களோன்னு சொல்லல."

கந்தசாமி கோடாலியைக் கீழே போட்டான். "மாட்ட அவுருங்க" என்றான். மாடுகளை வயல்வழியே ஓட்டிக்கொண்டு போனார்கள். பத்துப் பேர் சேர்ந்து வண்டியை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

மாடுகளைப் பூட்டி முடிப்பதற்குள் "போலீசு!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் கரும்புக்குள் பாய்ந்தது. "ஓடியாடா கந்தசாமி!" என்று யாரோ இழுத்தார்கள். அவன் உதறிவிட்டு வண்டிக்குள் ஏறினான்.

தடி கூண்டில் தட்டியது. கந்தசாமியின் கைகளில் மரத்தூள் ஒட்டியிருப்பதைப் பூமாலை அப்போதுதான் கவனித்தாள். போர்வையை இழுத்து அந்தக் கைகளின்மேல் போட்டாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்தன. ஜுரத்தாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. எட்டிப் பார்த்த போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ, போ, சீக்கிரம் போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கந்தசாமியையும் நிற்கவைத்துத்தான் சொன்னார். "இது நடத்தையால வர்ற நோய் இல்லப்பா. தண்ணி குடிக்காம அடக்கி அடக்கி வச்சதுல கிருமி கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

ஊசி போட்டுப் போட்டு ஜுரம் இறங்கியது. "எங்கிட்ட சொல்ல இன்னா பயம் ஒனக்கு?" என்று கட்டிலருகே உட்கார்ந்து கேட்டான் கந்தசாமி. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எல்லாந்தான்" என்றாள்.

ஊர் திரும்பிய பிறகு களத்துப் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து முதலாளியிடம் கேட்டு, மில்லுக்குப் பின்னால் ஓலைத் தடுப்பு வைக்கச் செய்தார்கள். ஆனாலும் அறுவடைக் காலத்தில் கடுப்பு மறுபடி வந்தது. எரிச்சல் தொடங்கிய அன்றே கந்தசாமியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாத்திரையில் சரியாயிற்று.

பயம் மட்டும் போகவில்லை. விடிந்து கொல்லைக்குப் போகும் ஒவ்வொரு நாளும், என்ன நிறத்தில் இறங்குகிறது என்று குனிந்து பார்க்காமல் அவள் எழுந்ததே இல்லை.