மைக் வயரின் தோல்

வண்டியில் பேசும் ரேடியோவைப் பழுது பார்க்கிறவனிடம் எல்லோரும் வால்வைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அவன் உயிரை வாங்குவது செட்டுக்கும் மைக்குக்கும் நடுவே தொங்குகிற ஒரு முழ வயர். அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் ஆற்றங்கரைகளைக் கவனிக்கும் ஓர் இலாகாவில் எனக்கு அந்த வேலை. கரையோரம் சுற்றும் ஜீப்புகளில் செட் வைத்திருந்தோம். எங்காவது கசிவு கண்டால் ஜீப்பில் இருப்பவர் மைக்கின் பொத்தானை அழுத்தித் தென்னூர் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். சொல் வராவிட்டால் மணல் மூட்டை போகாது. மூட்டை போகாவிட்டால் கரையடி வீடுகளுக்குள் கொள்ளிடம் நுழையும். அந்த வருஷம் பார்த்து மைக் வயர்களின் ரப்பர் தோல் ஒவ்வொன்றாக இளகிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குள் காரணத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். எதையாவது பழுது பார்த்துப் பிழைத்தவர்களுக்கு இந்த வீம்பு புரியும்.

கறுப்புக் கோடு

முதல் புகார் ஓவர்சியரிடமிருந்து வந்தது. ஸ்ரீரங்கத்து அய்யங்கார். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, வெளுத்த சட்டையும் திருமண்ணுமாக நேரே ஜீப்பில் ஏறுகிறவர். அன்று மைக்கில் பேசி முடித்தபோது வயர் தோளில் உரசி, சட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

வயரைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வாசனைக்கு அடியில் ஏதோ ஒரு கசப்பு வாசனை. தெரிந்ததுதான், ஆனால் பெயர் பிடிபடவில்லை. நான் யோசித்துக்கொண்டு நின்றது ஓவர்சியருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஓய் இது, மைக்கா தார்ச்சட்டியா? இந்தக் கோலத்திலே போனா ஆத்திலே என்னை உள்ளே சேர்க்கமாட்டா."

நிழல்

புது வயர் வேண்டுமென்று ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர் நல்லவர். இருந்ததே ஒன்றுதான், அதையும் கொடுத்துவிட்டார். மற்றவை மெட்ராஸிலிருந்து வர வேண்டும். மழைக்கு முன்னால் வராது என்பது இருவருக்குமே தெரியும். வயர் சுற்றியிருந்த காகிதத்தில் வெயில் படாமல் வைக்கவும் என்று அச்சடித்திருந்தது. ஒருவேளை வெயில்தான் காரணமோ என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கொதித்துக்கொண்டிருந்த மைதானத்தைப் பார்த்தார்.

"நிழல்ல வெச்சுக்கச் சொல்லியிருக்கான் சரி. திருச்சியில நிழல் எந்தக் கடையில கிடைக்கும்னு போடாம விட்டுட்டானே சார்."

கத்தரிக்காய்

தோல் இளகினால் உள்ளே இருக்கும் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். அப்போது பொத்தானை யாரும் அழுத்தாமலே செட் பேசத் தொடங்கிவிடும். ஒரு செட் பேசும்வரை மற்ற ஜீப் எதுவும் பேச முடியாது. இதை எழுதிக் காட்டியபோது மேலிடத்தில் யாருக்கும் ஏறவில்லை. டிரைவர் ராஜமாணிக்கம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காய் வாங்கிய அன்று ஏறியது.

ஜீப்பிலிருந்தபடியே அவர் பேரம் பேசினார். "ஏம்மா, இந்தக் கத்தரிக்காய்க்கு எங்க வண்டி டயரே இளசும்மா." "அப்ப டயரைக் குழம்பு வெச்சுத் தின்னுங்க, போங்க" என்றாள் காய்க்கார அம்மாள். இரண்டு குரலும் தென்னூர் ஆபீசில் கணீரென்று கேட்டன. மற்ற ஜீப்புகள் வாயடைத்துக் கிடந்தன. எல்லோரும் சிரித்தார்கள். பெரிய அதிகாரி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"மழைக்காலத்துல இந்தம்மா பேசி முடிக்கிற வரைக்கும் கொள்ளிடம் காத்துக்கிட்டு நிக்குமாய்யா?"

வெள்ளிக்கிழமை வேலை

வெயில்தான் காரணமென்றால் எல்லா வயரும் ஒரே மாதிரி கெட வேண்டும். ராஜமாணிக்கத்தின் வயர்தான் மற்றவற்றைவிட மோசம். ஷெட்டிலேயே சுத்தமான ஜீப் அவருடையது. அதுதான் என்னைக் குழப்பியது. ஆயுத பூஜைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, விடிந்ததும் ஷெட்டுக்குப் போய் நின்றேன்.

ராஜமாணிக்கம் ஜீப்பைக் கழுவித் துடைத்து, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பிறகு ஒரு தகரக் கிண்ணத்தில் துணியை நனைத்து, மைக் வயரை நுனியிலிருந்து நுனிவரை நீவத் தொடங்கினார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பதம். கசப்பு வாசனை ஷெட்டுக்குள் பரவியது. புங்க எண்ணெய்.

ராஜமாணிக்கம் துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அங்கே கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் தோல், வெயிலில் வெடிக்காமல் இருக்கப் புங்க எண்ணெய் போடுவார்கள். தோலுக்கு அது நல்லதுதான். ரப்பருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. எவ்வளவு நாளாக நடக்கிறது என்று கேட்டேன். மெச்சப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"வயரு வந்த நாள்லேருந்து போடுறேன் சார். மத்த வண்டிக்கும் கை ஒழிஞ்சப்பல்லாம் நான்தான் போட்டு விடுறேன்."

ஊறுகாய்

அவரைக் கோபித்துப் பயனில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு யாராவது போடுவார்கள். பழைய வயரில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை அவருடைய கிண்ணத்திலேயே போட்டு, இன்னொன்றை மேஜைமேல் வைத்தேன். சில நாள் கழித்து டிரைவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எண்ணெயில் கிடந்தது விரலாகப் பருத்து, கிள்ளினால் கையோடு வந்தது. ராஜமாணிக்கம் அதை வாங்கி நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

பிறகு என்னோடு உட்கார்ந்துவிட்டார். கெட்ட வயர்களின் பிசுக்குத் தோலை பிளேடால் சுரண்டி எடுத்தோம். உள்கம்பிகளைத் தனித்தனியாக நூல் நாடாவால் சுற்றினோம். ஆயுத பூஜையன்று மைக்கின் தகட்டுக்கு மட்டும் பொட்டு. வயரை யாரும் தொடக்கூடாது என்று அவரே காவல் இருந்தார்.

"நல்லது பண்றோம்னு நெனச்சு ஊறுகாயில்ல போட்டு வெச்சிருக்கேன், சார்."

குடை

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இருந்த ஒரே புது வயரை யார் ஜீப்பில் போடுவது என்று கேட்டார்கள். ராஜமாணிக்கத்தின் ஜீப்பில் போட்டேன். அவர் போவதுதான் கொள்ளிடக் கரையில் பள்ளமான பகுதி. முன்பு வயரைக் கெடுத்தவரிடமா என்றார்கள். அதனால்தான் என்றேன்.

மறுநாள் பிற்பகல் நான் ஆபீஸ் செட்டின் முன் இருந்தேன். இரைச்சல் அடங்கி, ராஜமாணிக்கத்தின் ஜீப்பிலிருந்து ஓவர்சியரின் குரல் வந்தது: கரை கசிகிறது, உடனே மூட்டையும் ஆளும் வேண்டும். ஒரு சொல் விடாமல் கேட்டது. இன்னொரு ஜீப் நாடா சுற்றிய வயரிலேயே பதில் சொல்லி, மூட்டை லாரிக்கு வழிகாட்டிப் போனது. பொழுது சாய்வதற்குள் கசிவை அடைத்துவிட்டார்கள். கரையடியில் ஒரு வீடும் நனையவில்லை.

ஓவர்சியர் சொட்டச் சொட்ட ஆபீசுக்குள் வந்தார். பின்னால் ராஜமாணிக்கம், மடக்கிய குடையோடு. குடை இருந்துமா இப்படி நனைந்தீர்கள் என்று கேட்டேன்.

"குடையை எங்கே ஓய் எனக்குப் பிடிச்சான்? ஜீப்புக்குள்ளே சாரல் அடிக்கிறதுன்னு வயருக்குன்னா பிடிச்சான்!"

கொள்ளிடத்தை நிறுத்தியது மணல் மூட்டை என்று இலாகாவில் இன்றும் சொல்கிறார்கள்; இனி யாரும் வயரில் தடவாதபடி புங்க எண்ணெய்க் கிண்ணத்தைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்ட எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான்.