மேஸ்திரிக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர்

நொச்சி இலை வேகும் வாசனை...

கொரோனா இரண்டாவது அலை அடித்த அந்த வெயில் காலத்தில், எங்கள் ராயபுரம் தெருவில் மீன் குழம்பு வாசனையைவிட அதுதான் தூக்கலாக இருந்தது. வீட்டுக்கு வீடு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் தடுப்பூசி போட ஆரம்பித்து வாரங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டுப் பெரியவர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

பெரியவர் என்றால் என் நைனா, அதாவது அப்பா. ஹார்பரில் சரக்கு இறக்கும் கேங்குக்கு மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்க்கரை உண்டு, நெஞ்சில் ஸ்டென்ட் உண்டு, பிடிவாதம் தாராளமாக உண்டு. மூன்று முறை போனில் ஸ்லாட் போட்டேன். மூன்று முறையும், "இன்னிக்கி ஒடம்பு ஒரு மாதிரி கீது, அப்பால பாக்கலாம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

தெருவில் அந்த வாரம் மட்டும் இரண்டு வீடுகளில் சாவு. எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. "கப்பல்ல ஏறி எறங்கின ஆளு, ஒரு ஊசிக்கு இப்டி பயப்படுறியே நைனா" என்று கத்திவிட்டேன்.

இதற்கிடையில் அவருடைய பழைய கேங் ஆட்கள் எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏழு பேர், எல்லாருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. ஒருவருக்கு, இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்த மருந்தை நம்பலாமா என்று சந்தேகம். ஒருவருக்கு பிரஷர் மாத்திரையோடு சேருமா என்று கவலை. இன்னொருவர் ரொம்ப நேரம் இழுத்துவிட்டு, ஊசி போட்டால் எத்தனை நாள் குவாட்டரை நிறுத்த வேண்டும் என்று கேட்டார். என்ன சொன்னாலும் கடைசியில் எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் வந்து நின்றார்கள்.

"மேஸ்திரி போட்டுக்கினாராம்மா?"

அது ஹார்பர் பழக்கம். கப்பலின் அடியில் இருக்கும் சரக்குக் கிடங்குக்குள் முதலில் மேஸ்திரிதான் இறங்குவார். அடைத்துக் கிடந்த இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "எறங்கலாம்" என்று குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் ஏணியில் கால் வைப்பார்கள். ரிட்டயர் ஆகி இத்தனை வருடம் கழித்தும் அந்த ஏழு பேர் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அப்போது இது புரியவில்லை. கிழவர்கள் சாக்கு சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் கன்னியப்பன் மாமா வந்தார். ஏழு பேரில் ஒருவர். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும் ஆள், தண்டையார்பேட்டையிலிருந்து மாஸ்க்கோடு வந்து வாசலில் நின்றார்.

"கெளம்பு மேஸ்திரி. இஸ்கோலாண்ட போலாம்."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "நா போட்டுக்கினா நீங்கோ எல்லாரும் போட்டுக்குவீங்கோ. எவனுக்கானா எதுனா ஆச்சுன்னா...? என் பேச்ச நம்பி எறங்கி ஒருத்தன் பட்டது போதாதா கன்னியப்பா?"

அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. பல வருடங்களுக்கு முன்னால் மரக்கட்டை ஏற்றி வந்த ஒரு கப்பலில் நைனா "எறங்கலாம்" என்று சொல்ல, அவருக்கு அடுத்து இறங்கியவர் கன்னியப்பன் மாமா. நைனா நின்ற இடத்தில் காற்று சரியாக இருந்தது. இவர் போன மூலையில் இல்லை. மயங்கி விழுந்தவரைக் கயிறு கட்டித் தூக்கியிருக்கிறார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் மூச்சு பழையபடி திரும்பவில்லை. நைனா பயந்தது ஊசிக்கு இல்லை, தன் குரலுக்கு. அவரைப் போய் அப்படித் திட்டினோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாமா மூச்சு வாங்கியபடியே சொன்னார். "அதான் நா வந்துகிறேன். இந்த வாட்டி மொதல்ல நா எறங்குறேன். நீ மேல நின்னு பாரு."

போனோம். மாமா ஊசி போட்டுக்கொண்டு வகுப்பறையில் பிளாஸ்டிக் சேரில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். நிழலுக்கு வரச் சொன்னேன், வரவில்லை. மாமா ஒரு முறை இருமினார். நைனா கதவு வரை ஓடிவிட்டார்.

அரை மணி முடிந்ததும் மாமா எழுந்து வராந்தாவுக்கு வந்தார்.

"எறங்கலாம் மேஸ்திரி."

நைனா சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சாயந்திரம் இரண்டு பேருக்கும் காய்ச்சல். யாருக்கு அதிகம் என்று போனில் போட்டி வேறு. அந்த வாரத்துக்குள் மீதி ஆறு பேரும் போட்டுக்கொண்டார்கள். அந்த நோய்க்கு இந்த எட்டுப் பேரில் ஒருவரைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை. ஊசியைக் கண்டுபிடித்தவர்களுக்கும், அந்த வெயிலில் முகம் சுளிக்காமல் போட்டுவிட்ட நர்ஸம்மாவுக்கும் என் கும்பிடு.

போன மாதம் கன்னியப்பன் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி சரோஜா அத்தை காபி கொடுத்துக்கொண்டே, பேச்சுவாக்கில் சொன்னார்.

"அன்னிக்கி காலீல என் கையப் புடிச்சி சத்தியம் வாங்கினுதாம்மா கெளம்புனாரு. எனக்கு இன்னா ஆனாலும் நீ மேஸ்திரி வூட்டு வாசல்ல போய் அழக் கூடாது, அவுரு தாங்க மாட்டாருன்னு."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

இதை நான் நைனாவிடம் சொல்லவில்லை. அவருக்கு ஃபேஸ்புக் கிடையாது, அந்தத் தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் புதிதாக ஏதாவது ஊசி, மாத்திரை என்றால் போனைத் தட்டி நாலு வீடியோ பார்த்துவிட்டுத்தான் முடிவு பண்ணுகிறோம். தப்பில்லை, எவ்வளவோ வசதி. ஆனால் எனக்கு ஒரு பயம் வரும்போது, தன் பயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு என் வாசலில் வந்து நிற்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். சட்டென்று ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

நைனாவுக்கு ஒருத்தர் இருந்தார். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் நைனா இருக்கிறார்.