மோட்டரின் உறுமலைக் குறைத்த நாட்கள்

கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலைக்குப் பிறகு என் கணவரால் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. யாருடையதையாவது இரவல் வாங்கி ஏறி உட்காருவார். எஞ்சின் சத்தம் கேட்டதும் இறங்கிவிடுவார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரான சாய்ந்தமருதில் அப்போது எல்லா வீட்டிலும் இப்படிக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றாவது இருந்தது.

எங்கள் வயல் ஊருக்கு மேற்கே நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரத்தில். ஐந்து வருடம் மிதி சைக்கிளிலேயே போய் வந்தார். சண்டை முடிந்த வருடம் அவருடைய வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. கொழும்பில் இருந்த என் மூத்த சகோதரர், காக்கா, பற்றரியில் ஓடும் சைக்கிள் ஒன்றை வாங்கி அனுப்பினார். சத்தமே இருக்காது என்று போனில் சொல்லியிருந்தார்.

சத்தம் இருந்தது. கைப்பிடியைத் திருகியதும் பின்சக்கரத்துக்குள் இருந்த மோட்டர் உறுமிக்கொண்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. முப்பது அடி தூரம்கூடப் போயிருக்கமாட்டார். வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தார்.

"வேணாம் புள்ள. இதுக்குள்ளயும் அந்தச் சத்தம் இரிக்கி."

சைக்கிளின் மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்தார்.

நான் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். பாடசாலை விடுமுறை விட்டதும் சாக்கை எடுத்துவிட்டு, சைக்கிளோடு வந்த கையேட்டை விரித்தேன். பாதி சீன மொழி. மீதி தட்டுத் தடுமாறும் ஆங்கிலம். இருக்கைக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு தகரப் பெட்டி. அதுதான் கொன்ட்ரோலர். பற்றரியிலிருந்து மோட்டருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும், எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அது. கைப்பிடியில் இருந்த சின்னத் திரையின் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் வேகம் மறைந்து வேறு இலக்கங்கள் வரும். அவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

எந்த இலக்கம் எதைச் செய்கிறது என்று கையேட்டில் தெளிவாக இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓடிப் பார்த்து, அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். வேலிக்கு மேலால் பார்த்த மதினி, டீச்சர் இந்த வயதில் சைக்கிள் பழகுகிறா என்று சிரித்தா. எனக்கும் சிரிப்புத்தான். ஒரு இலக்கம் புறப்படும்போது இருக்கும் இழுவைக்கானது. ஐந்தில் வைத்தால் பாயும். ஒன்றில் வைத்தால் தூக்கம் கலையாத ஆள் எழும்புவது போல மெல்லப் புறப்படும். இன்னொன்று, ஆகக் கூடியது எவ்வளவு மின்சாரம் போகலாம் என்பதற்கு. இரண்டையும் குறைத்தபோது உறுமல் இல்லாமல் போனது. பக்கத்து அறையில் விசிறி சுழலும் சத்தம் மாதிரி ஏதோ மிஞ்சியது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தவரிடம் ஒரு முறை ஓடிப் பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் நின்றார். பிறகு ஏறி, ஒழுங்கை தெருவில் சேரும் முனைவரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாம் முறை அரை மணி நேரமாக ஆளைக் காணவில்லை. வந்து இறங்கியபோது முகம் வேறாக இருந்தது.

"பரவாயில்ல. தூங்குற புள்ள மூச்சு விடுற மாதிரி இரிக்கி" என்றார்.

ஆனால் மறுநாள் உரப்பையை வைத்துக்கொண்டு போனபோது வாய்க்கால் மேட்டில் சைக்கிள் பாதியில் நின்றுவிட்டது. நோகும் காலோடு தள்ளி ஏற்றியிருக்கிறார். உறுமாமல் மேடும் ஏற வேண்டும் என்றால் மேட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுகைக்குப் பிறகு இருவரும் புறப்பட்டோம். நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். சண்டைக் காலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டிய செக்பொயின்ற்றில் மண்மூட்டைகள் மட்டும் கிடந்தன, ஆளில்லை. பழக்கத்தில் அவர் காலை ஊன்றினார். பிறகு எடுத்துக்கொண்டார். அதற்கு அப்பால் பனி. தெரு எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நாங்கள் அசையாமல் இருக்க, இளம் நெல்லும் கொக்குகளும்தான் பின்னோக்கி மிதந்து போவது போல இருந்தது. நான் கண்ணை மூடித் திறந்தேன். அப்போதும் அப்படியே இருந்தது.

மேட்டடியில் இறங்கி, ஆகக் கூடிய மின்சாரத்துக்கான இலக்கத்தை ஒன்று கூட்டினேன். அவர் ஏறினார், பாதியில் சைக்கிள் நின்றது. இன்னொன்று கூட்டினேன். மூன்றாவதில் உச்சிக்குப் போய்விட்டார். ஆனால் உறுமல் திரும்ப வந்திருந்தது, சின்னதாக. நான் ஏறிப் போய்க் குறைக்கப் பார்த்தேன். அவர் திரையின் மேல் கையை வைத்தார்.

"இரிக்கட்டும்."

சைக்கிளை நிறுத்திவிட்டு வாய்க்கால் கரையில் குந்தினார். பிறகு கதைத்தார்.

"அண்டைக்கு கடற்கரையில மீன் வாங்கிட்டு வந்துக்கிட்டிருந்தன். பின்னால சத்தம் கேட்டிச்சு. லொறி எண்டு நினைச்சன் புள்ள. திரும்பிப் பாக்கல்ல. ஓரமா எடுத்து, போகட்டும் எண்டு வழி விட்டன்."

தண்ணீர் அவரை இழுத்துப்போய் மதிலொன்றில் சேர்த்ததும், மோட்டார் சைக்கிள் கிடைக்காமலே போனதும் ஊருக்கே தெரியும். வழி விட்டது எனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக அதை ஒரு வெட்கம்போல வைத்திருந்திருக்கிறார்.

"ஆரெண்டாலும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றேன்.

"ஓம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்தமாதிரியும் இருந்தது.

அந்த இலக்கத்தை நாங்கள் பிறகு மாற்றவில்லை. அந்தப் போகம் முழுக்க ஒவ்வொரு நாளும் அந்த மேட்டில் உறுமியபடி ஏறினார். முழங்கால் வீக்கம் வற்றியது. மோட்டார் சைக்கிள் மட்டும் வாங்கவே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு அட்டாளைச்சேனையில் இருந்த என் அக்கா, ராத்தாவின் வீட்டுக்குப் போவார். திரும்பி வரும்போது நிந்தவூர் தாண்டினால் பற்றரி தீர்ந்துபோகும். இறங்கி, சைக்கிளை நடுவில் விட்டுத் தள்ளிக்கொண்டு, வெயில் சாயும்வரை கதைத்தபடி நடப்போம்.